கணவாய் வழியே வந்த அபராதம்

ஆடி மாதக் காற்றைப் பற்றிப் பல்லடத்துக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், திட்டித் தீர்ப்பார்கள். கொடியில் துணி நிற்காது, திண்ணையில் சோற்றுத் தட்டை வைக்க முடியாது. பாலக்காட்டுக் கணவாய் அனுப்பும் காற்று அது. அதே கணவாயில் மண்ணுக்கடியில் இன்னொன்றும் வருகிறது. கொச்சி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து இருகூருக்கும் கரூருக்கும் பெட்ரோல், டீசல் கொண்டுவரும் குழாய். என் மச்சான் இருகூரிலிருந்து டேங்கர் லாரி ஓட்டுகிறார். கடலில் எங்கு சண்டை என்றாலும் முதலில் அவர்தான் போன் செய்வார். “நாம் உண்டு, நம் பனியன் உண்டு, விடுங்கள் மாப்பிள்ளை” என்று நான் வைத்துவிடுவேன். 2025 ஆகஸ்ட் வரைக்கும்.

கதை அதற்கு மூன்றரை வருடம் முன்பே தொடங்கிவிட்டது. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. ஐரோப்பா முகம் திருப்பிக்கொண்டதும் ரஷ்யா கச்சா எண்ணெயைத் தள்ளுபடியில் விற்றது. அதுவரை நம் இறக்குமதியில் நூற்றுக்கு இரண்டுகூடத் தேறாத ரஷ்ய எண்ணெய், இரண்டே வருடத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. வாங்கியது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியில் வாங்குகிற வீடு, மலிவாகக் கிடைக்கும் கடைக்குத்தான் போகும். அமெரிக்கா கண்ணை உருட்டியதற்காக 2019 மே மாதத்தோடு ஈரான் எண்ணெயை நிறுத்தினோமே, என்ன கிடைத்தது? ஈரான் கடனுக்குக் கொடுத்தது, ரூபாயில் வாங்கிக்கொண்டது, அந்த ரூபாய்க்கு நம்மிடமே அரிசியும் தேயிலையும் எடுத்தது. அப்படி ஒரு கடைக்காரரை இழந்ததுதான் மிச்சம்.

என் கோபம் வேறு. அந்தத் தள்ளுபடி பெட்ரோல் பங்க் வரைக்கும் வந்ததா? 2022 மே மாதக் கடைசியில் சென்னையில் லிட்டர் 102.63 ரூபாய். 2024 மார்ச்சில், தேர்தல் நெருங்கியபோது, 100.75. விலை ஏறிய மாதங்களில் எண்ணெய் நிறுவனங்கள் நட்டத்தைத் தாங்கின என்பார்கள். தாங்கின, மறுக்கவில்லை. அதன் பிறகு வந்த லாபம் யார் பெட்டிக்குள் போனது என்பதுதான் கேள்வி. லாபம் போன இடம் தெரியவில்லை. ஆனால் அபராதம் வந்த இடம் நன்றாகத் தெரிகிறது. 2025 ஆகஸ்ட் 7 முதல் நம் சரக்குக்கு அமெரிக்கா 25 சதவீதம் வரி போட்டது. ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கென்று 27ஆம் தேதி முதல் இன்னொரு 25. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எண்ணெய் வாங்கியவர்கள் யாரோ, அபராதம் கட்டியது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சரக்கை அமெரிக்காவுக்கு அனுப்பும் திருப்பூர்.

இதில் எங்கள் ஊர்க்காரர்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2024 ஆகஸ்ட் 5 அன்று வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா டாக்காவை விட்டுப் பறந்தபோது, ‘இனி வங்கதேச ஆர்டர் எல்லாம் நமக்குத்தான்’ என்று டீக்கடையில் எத்தனை பேர் கணக்குப் போட்டோம்! நானும் போட்டேன். சரியாக ஒரு வருடம். அவர்களுக்கு அமெரிக்க வரி 20 சதவீதம், நமக்கு 50.

நான் நடத்துவது செக்கிங், பேக்கிங் மட்டும் செய்யும் சிறிய யூனிட். இருபத்திரண்டு பேர். செப்டம்பர் முதல் வாரம், பேக்கிங் முடிந்த பெட்டிகள் கூரையைத் தொட அடுக்கியிருந்தன. அமெரிக்காவில் சரக்கு வாங்கும் பையர் ‘நிறுத்தி வையுங்கள்’ என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை மாலை சம்பளக் கவரை வாங்கிக்கொண்டு ஒரு பெண் கேட்டார், “அடுத்த வாரம் ஒன்றரை ஷிப்ட் உண்டுங்களா, அண்ணா?” ஒரு ஷிப்டே உண்டா என்று எனக்குத் தெரியாது. ‘திங்கட்கிழமை வாருங்கள், பார்க்கலாம்’ என்றேன்.

1990இல் சதாம் உசேன் குவைத்துக்குள் புகுந்தபோது அங்கிருந்து 1,70,000 பேரை அரசு விமானம் வைத்து அழைத்து வந்தது. எண்ணெய் விலை எகிறி, அந்நியச் செலாவணி வற்றி, மறு வருடம் ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை அடகு வைத்தது. அன்று அடி ஊர் முழுக்கப் பரவி விழுந்தது. 2025இலோ குறிபார்த்து விழுந்தது. திருப்பூர் பனியனுக்கு, கரூர் படுக்கை விரிப்புக்கு. மருந்துக்கு விலக்கு, செல்போனுக்கு விலக்கு. அப்படியிருக்க, நாட்டுக்காக என்று ஒரு முடிவை டெல்லி எடுத்தால், அதன் செலவையும் நாட்டுக் கணக்கில்தானே எழுத வேண்டும்? எண்ணெய்த் தள்ளுபடியில் மிஞ்சியதில் ஒரு பங்கை, வேலை இழந்த வாரங்களுக்கான கூலியாகத் தனியே எடுத்து வைத்திருக்கலாம். விசாகப்பட்டினம், மங்களூர், பாதூரில் பாறையைக் குடைந்து 53.3 லட்சம் டன் எண்ணெய் சேமிக்க இடம் கட்டத் தெரிந்த நாட்டுக்கு இது தெரியாதா? ஏற்றுமதியாளர்களின் கடன் தவணையைத் தள்ளி வைப்பது நிவாரணம் ஆகாது. தவணை முதலாளிக்கு. சனிக்கிழமைக் கவர் வாங்குகிறவருக்கு என்ன?

அந்தப் பெட்டிகள் ஒருவழியாக அக்டோபரில் கிளம்பின. பையர் பீஸுக்கு விலையைக் குறைத்துக் கேட்டார், எங்களுக்கு வேலை தரும் ஏற்றுமதிக் கம்பெனி கொடுத்தது. கம்பெனி எங்கள் ரேட்டைக் குறைத்தது, நானும் ஒப்புக்கொண்டேன். அனுப்பும் முன் பெட்டிகளை மறுபடி பிரித்து, விலை ஸ்டிக்கரை மாற்றச் சொன்னார்கள். அந்தப் பெண்தான் நகத்தால் சுரண்டி எடுத்தார். பழையதில் 12.99 டாலர். மேலே ஒட்டியதில் 14.99. அந்த வாரம் என்னிடம் இருந்த ஒரே வேலை அதுதான்.