பாவமா இருக்கிற போட்டோ

போன சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு எங்கள் வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் நாற்பது படங்களை மொத்தமாகத் தள்ளிவிட்டு, "அண்ணே, போஸ்டருக்கு ஒண்ணு எடுத்துக் குடுங்க, காலைல பிரிண்ட் போடணும்" என்றான். இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், அங்கிருக்கும் சபையார் நடத்தும் மாலை வகுப்புப் பிள்ளைகளின் படங்கள். ஈஸ்டருக்கு முந்தைய இந்த லெந்து நோன்புக் காலத்தில் தாராவியிலிருக்கும் எங்கள் சபைக் குடும்பங்கள் அந்த வகுப்புக்கு ஏதாவது செய்யலாம் என்று பேச்சு.

கட்டிலில் படுத்தபடி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். பெரும்பாலும் சிரிக்கிற பிள்ளைகள். ஒருவன் நாக்கை நீட்டுகிறான். ஒருத்தி பக்கத்துப் பிள்ளையின் தலைக்குப் பின்னால் இரண்டு விரலைக் கொம்பாக வைத்திருக்கிறாள். பதினேழாவதோ பதினெட்டாவதோ படத்தில் ஒரு சின்னப் பெண். முழங்கையில் பிரிந்துபோன ஸ்வெட்டர், ஒழுகிக் காய்ந்த மூக்கு, கேமராவைப் பார்க்காத கண். "ஆங், இதுதான்" என்றேன், வாய்விட்டே. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

ஏனென்றால் நானும் அப்படி ஒரு போட்டோவாக இருந்தவன்.

1983. எனக்கு எட்டு வயது. அப்பாவுக்குத் தோல் கம்பெனியில் வேலை. அம்மா காலையில் வாசலில் ஆப்பம் சுட்டு விற்பாள். வெளிநாட்டிலிருந்து பணம் வாங்கி ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒரு நிறுவனத்தில் என் பெயரைச் சேர்த்திருந்தார்கள். (பெயர் சொல்லவில்லை. நல்லதும் செய்தவர்கள்தான்.) போட்டோ எடுக்கிற நாள் என்று அம்மா தலைக்கு எண்ணெய் வைத்து, பவுடர் போட்டு, கிறிஸ்துமஸுக்கு எடுத்த நீலச் சட்டையை மாட்டி அழைத்துப் போனாள். அங்கிருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது வேண்டாம்மா, வீட்டுல போடுற சட்டை இருக்கும்ல, அதப் போட்டுக் கூட்டிட்டு வாங்க" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. வழியெல்லாம் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றினாள், பவுடரையும் ஈரத் துண்டால் துடைத்தாள்.

அந்தப் போட்டோ கனடாவில் ஒரு வயதான அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. நல்ல மனுஷி. பனியைப் பற்றியும் தன் நாயைப் பற்றியும் எழுதுவார். ஆபீஸ் அண்ணன் அதைத் தமிழில் வாசித்துக் காட்டுவார். பதில் எழுதும் நாளில் கரும்பலகையில் கடிதம் ரெடியாக இருக்கும். "நான் நலம். நன்றாகப் படிக்கிறேன். உங்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்." முப்பது பிள்ளைகளும் அதையே பார்த்து எழுதுவோம். கபில்தேவ் கோப்பை வாங்கியதைப் பற்றி நான் சொந்தமாக நாலு வரி சேர்த்தேன். அடித்துவிட்டார்கள். கனடாக்காரர்களுக்குக் கிரிக்கெட் தெரியாதாம்.

அந்தப் பணத்தில்தான் பத்தாவது முடித்தேன். அதை மறைக்கவில்லை. வெளிநாட்டுக் காசு வேண்டாம் என்று வீரம் பேசுகிறவர்களோடு எனக்கு ஒட்டாததும் அதனால்தான். ஆனால் அந்த நீலச் சட்டை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

சரி, தோட்டத்துக்கு வருவோம். "இங்கயே ஆயிரம் கஷ்டம், எதுக்கு சிலோனுக்கு?" என்று சபைக் கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. என் தாத்தாவின் ஊர் திருநெல்வேலிச் சீமையில். அந்தப் பக்கத்துச் சனம் பஞ்சத்திலும் கடனிலும் கிளம்பியபோது, சிலர் பம்பாய்க்கு வந்து தோல் வேலையில் விழுந்தார்கள், சிலர் கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். முதலில் காப்பித் தோட்டம். 1869இல் இலைநோய் வந்து காப்பி அழிய ஆரம்பித்த பிறகு தேயிலை. வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 2023இல் அந்த மக்கள் வந்து 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தே போனார்கள். நாம் ரயில் ஏறிய கூட்டம், அவர்கள் தோணி ஏறிய கூட்டம். வித்தியாசம் அவ்வளவுதான். நமக்குத் தாராவி 90 அடி ரோடு கிடைத்தது, அவர்களுக்கு லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடு கிடைத்தது. 1948இல் அந்த நாடு சுதந்திரம் வாங்கிய கையோடு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து, அவர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சேராதவர்களாக்கியது நமக்கு நடக்கவில்லை.

சம்பளம் தெரியுமா? ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக வருஷக்கணக்கில் போராடி, 2021இல்தான் அது வந்தது. 2024இல் 1,350. இலங்கை ரூபாயில். அப்போது நம் காசில் 400கூட வரவில்லை. அதுவும் சொன்ன கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். அம்மா மலையில் நிற்கும் நேரத்தில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை எங்கே போகும்? அந்த இடத்துக்குத்தான் இந்த மாலை வகுப்பு. சபைக் கோயிலின் பின் அறையில் அவித்த கடலை, ஒரு டம்ளர் பால், பாடம். ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சை, அப்புறம் சாதாரண தரம், நம் பத்தாவது பரீட்சை மாதிரி. அதைத் தாண்டாத பிள்ளைகள் கொழும்பில் ஏதாவது கடைக்கு வேலைக்குப் போய்விடுகின்றன. வகுப்பு எடுக்கிற டீச்சரும் லயத்தில் பிறந்தவர்தான்.

பிள்ளைகளில் பாதிக்கு மேல் இந்துக் குடும்பங்கள். "அப்ப ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வரச் சொல்வாங்களா?" என்று ஒரு பெரியவர் ஆசையோடு கேட்டார். வர வேண்டாம் ஐயா. பால் குடிக்க ஞானஸ்நானம் தேவையில்லை. அந்த டம்ளரோடு எதையாவது சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால் எங்கள் வீட்டுப் பங்கு கிடையாது என்று அங்கேயே சொல்லிவிட்டேன். பொருளாளர் கொஞ்சம் முறைத்தார்.

அவர் முறைத்ததற்கு வேறு காரணமும் உண்டு. போஸ்டரில் பிள்ளை முகமே வேண்டாம் என்று நான்தான் அடம்பிடித்தேன். "மூஞ்சியப் பாக்காம எவன் தம்பி குடுப்பான்?" என்றார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அழுகிற முகம் காசு கொண்டுவரும். உலகம் முழுக்க அப்படித்தான் வசூல் நடக்கிறது. ஆனால் என் பாட்டி தினமும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவாள். 1903இல் திருநெல்வேலி சபையார் சொந்தக் காசில் மிஷனெரி சங்கம் ஆரம்பித்துத் தெலுங்கு நாட்டில் தோர்னக்கல் பக்கம் ஆள் அனுப்பினார்களே, அந்த வழியில் வந்த பழக்கம். தோர்னக்கல் எந்தத் திசை என்றுகூடப் பாட்டிக்குத் தெரியாது. யார் போட்டோவும் அவளிடம் இல்லை. பானை நிறைந்தது.

இன்னொன்றும் சொன்னேன். ஆளுக்கு ஒரு பிள்ளை என்று பிரித்துக்கொள்வதும் வேண்டாம். எனக்குக் கனடாவிலிருந்து ஸ்டிக்கர் வரும். பக்கத்து வீட்டுச் செல்வத்துக்கு ஒரு கடிதம்கூட வராது. அவன் என் ஸ்டிக்கரைக் கிழித்த காரணம் அப்போது எனக்கு விளங்கவில்லை. அதோடு, ஒரு நாள் திடீரென்று நின்றும் போகும். 1952இல் கொரியப் போர் அநாதைகளுக்காகத் தொடங்கிய கம்பேஷன் இண்டர்நேஷனல் (நான் படித்தது அதில் அல்ல) வெளிநாட்டுப் பண விதிகளால் 2017 மார்ச்சில் இந்தியாவைவிட்டுப் போனபோது, லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் உதவி ஒரே மாதத்தில் அறுந்தது. பணம் வகுப்புக்குப் போகட்டும். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பால்.

அப்புறம் பணம் அனுப்பும் விஷயம். பலர் இன்பாக்ஸில் கேட்டீர்கள். நம் அறக்கட்டளைப் பணத்தை வெளிநாட்டில் செலவழித்தால் வரிவிலக்குச் சிக்கல் வரும். அதனால் கொடுக்கிறவர்கள் அவரவர் வங்கிக் கணக்கிலிருந்தே அனுப்பிவிடுங்கள். தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். (அந்த எல்லையை யாராவது தொட்டால் ஆராதனையில் சாட்சி சொல்லுங்கள்.) பான் கார்டும், வங்கியில் நிரப்பிக் கொடுக்கும் ஏ2 ஃபாரமும் வேண்டும், நோக்கம் என்ற இடத்தில் நன்கொடை என்று எழுத வேண்டும். வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது கிடைக்காது, கேட்காதீர்கள். மாதம் 500 என்று அனுப்பினால் வங்கிக் கமிஷனே தின்றுவிடும். வீட்டில் ஒரு டப்பாவில் சேர்த்து வருஷத்துக்கு ஒருமுறை அனுப்புவதுதான் லாபம்.

ஞாயிற்றுக்கிழமை போஸ்டர் இல்லை. டீச்சர் தன் கையெழுத்தில் எழுதி அனுப்பிய மாதச் செலவுப் பட்டியலைப் பெரிதாக்கி வாசலில் ஒட்டினோம். பால், கடலை, சாக்பீஸ், பல்பு ஒன்று, டீச்சர் பஸ் செலவு. பதினோரு குடும்பங்கள் பெயர் கொடுத்திருக்கின்றன. பொருளாளர் முப்பது எதிர்பார்த்தார். ஸ்வெட்டர் பிள்ளையைப் போட்டிருந்தால் முப்பது வந்திருக்கலாம், எனக்கும் தெரியும்.

அடுத்த ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் கணக்கு நோட்டு வராந்தா மேசையில் இருக்கும். புரட்டிப் பார்த்துவிட்டுப் பெயர் கொடுங்கள். சும்மா பார்க்க வந்தாலும் சரி, டீ உண்டு.