ஹிட்ச்காக்கிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்

பிரிட்டிஷ் மௌனப்படங்களில் குற்றக்கதை என்று பேச்செடுத்தாலே எல்லோரும் நேராக இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'தி லாட்ஜர்' படத்துக்குப் போய்விடுகிறார்கள். அது 1927இல் வெளியானது. அதற்கு முன்பே கால் நூற்றாண்டாக அந்த ஊர்த் திரையில் திருடனும் போலீஸும் ஓடிக்கொண்டிருந்ததை யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம். சினிமாவுக்கு ஓடக் கற்றுக்கொடுத்ததில் அந்தத் திருடர்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

1903இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஃபிராங்க் மாட்டர்ஷா எடுத்த 'எ டேரிங் டேலைட் பர்க்லரி'யைப் பாருங்கள். சில நிமிடங்கள்தான். பட்டப்பகலில் ஒருவன் சுவரேறிக் குதித்து வீட்டுக்குள் நுழைகிறான். ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டுப் போலீஸிடம் ஓடுகிறான். கூரை மேல் கைகலப்பு. போலீஸ்காரர் கீழே தள்ளப்படுகிறார் (விழுவது பொம்மை, நன்றாகவே தெரியும்). அவரைத் தூக்கிப்போகக் குதிரை வண்டி ஆம்புலன்ஸ் வருகிறது. அப்புறம் துரத்தல்தான். சரிவில் இறங்கி, ஓடையைத் தாண்டி, ரயில் நிலையம் வரை போகிறது. ரயிலேறிவிட்டான், இனி பிடிக்க முடியாது என்று நினைக்கும்போது அடுத்த ஸ்டேஷனில் போலீஸ் தயாராக நிற்கிறது.

இதில் என்ன அதிசயம் என்று இன்றைக்குத் தோன்றும். ஒரு காட்சியை விட்டு வெளியே ஓடியவன் அடுத்த காட்சியில் வேறோர் இடத்தில் வந்து நின்றால், அது அதே ஓட்டத்தின் தொடர்ச்சி என்று அன்றைய பார்வையாளருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. துரத்தல் அதைத் தானாகப் புரியவைத்தது. ஓடுகிறவன் ஓடிக்கொண்டே இருப்பதால் இடம் மாறினாலும் கண் குழம்புவதில்லை. கசாப்புக்காரரிடம் இறைச்சியைத் திருடிக்கொண்டு ஒருவன் ஓடும் 'ஸ்டாப் தீஃப்!' படத்தில் ஜேம்ஸ் வில்லியம்சன் 1901லேயே இதைத் தொட்டுவிட்டார். மாட்டர்ஷாவின் படம் அமெரிக்காவுக்கும் போனது. 1903 கடைசியில்தான் எட்வின் போர்ட்டரின் 'தி கிரேட் டிரெயின் ராபரி' அங்கே வந்தது. சினிமா வரலாற்றுப் பாடம் பெரும்பாலும் போர்ட்டரோடு தொடங்குகிறது. ஷெஃபீல்டுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

இதைவிட வியப்பானது 1901இல் மிட்செல் அண்ட் கென்யன் நிறுவனம் எடுத்த கௌடி கைதுப் படம். கௌடி என்ற லிவர்பூல் வங்கி குமாஸ்தா குதிரைப் பந்தயச் சூதாட்டத்தில் சிக்கி ஒன்றரை லட்சம் பவுண்டுக்கும் மேல் சுருட்டிவிட்டுத் தலைமறைவாகிறான். பக்கத்திலிருக்கும் பூட்டிலில் பிடிபடுகிறான். கைதான சில நாட்களுக்குள், சம்பவம் நடந்த அதே தெருக்களில் நடிகர்களை வைத்து எடுத்துத் திரையிட்டுவிட்டார்கள். இன்றைய டிவி குற்ற நிகழ்ச்சிகள் செய்வதை அப்போதே செய்துவிட்டார்கள். பிளாக்பர்னில் ஒரு பழைய கடையின் நிலவறையில், 800க்கும் மேற்பட்ட படச்சுருள்களோடு சேர்ந்து, 1994 வரை இது யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.

வில்லியம் ஹேகர் வேல்ஸில் திருவிழாச் சந்தைகளில் கூடாரம் போட்டுப் படம் காட்டியவர். குடும்பத்தையே நடிக்கவைப்பார். 1905இல் அவர் எடுத்த 'லைஃப் ஆஃப் சார்லஸ் பீஸ்' படத்தில் பீஸாக வருவது அவர் மகன். பீஸ் நிஜ ஆள். ஷெஃபீல்ட் கொள்ளைக்காரன், கொலைகாரன், 1879இல் தூக்கிலிடப்பட்டவன். அதே வருடம் மாட்டர்ஷாவும் பீஸ் கதையை எடுத்தார். அவர் தூக்குக் காட்சியை விட்டுவிட்டார், ஹேகர் காட்டினார். பிரிட்டனில் பொது இடத்தில் தூக்கிலிடுவது 1868லேயே நின்றுவிட்டது. சட்டம் மூடிய கதவை ஒரு சந்தைக் கூடாரம் மறுபடி திறந்துவிட்டது. நான் இதில் மாட்டர்ஷா பக்கம்தான். பீஸை நேரில் நினைவு வைத்திருந்தவர்கள் அப்போதும் உயிரோடு இருந்தார்கள். அவன் ஓட்டமும் வேடமும் போதும், சாவை வேடிக்கையாக்கத் தேவையே இல்லை.

ஷெர்லாக் ஹோம்ஸைச் சொல்லாமல் விட முடியாது. 1921 முதல் 1923 வரை ஸ்டோல் நிறுவனம் 45 குறும்படங்களும் 2 முழுநீளப் படங்களும் எடுத்தது. ஹோம்ஸாக நடித்தவர், அறுபதை நெருங்கிய ஐலி நார்வுட். ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலுக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. விக்டோரியா காலத்து ஹோம்ஸின் கதையில் டெலிபோனும் மோட்டார் காரும் வருகின்றனவே என்பதுதான் டாயிலுடைய ஒரே குறை. நியாயமான குறை.

ஆனால் என் மனதுக்கு மிக நெருக்கமானவை 1929இல், பேசும்படம் கதவைத் தட்டும்போது வந்த இரண்டு படங்கள்.

ஒன்று 'பிளாக்மெயில்'. ஹிட்ச்காக் இதை மௌனமாகவும் பேசும்படமாகவும் இரண்டு விதமாக முடித்தார். எல்லோரும் கொண்டாடுவது பேசும் பதிப்பை. நான் மௌனப் பதிப்பைத்தான் சொல்வேன். நாயகி ஆனி ஓண்ட்ரா செக் நாட்டுக்காரர், ஆங்கில உச்சரிப்பு சரிவரவில்லை. பேசும் பதிப்பில் அவர் வாயை மட்டும் அசைக்க, கேமராவுக்கு வெளியே நின்று ஜோன் பேரி வசனம் பேசினார். பாதி கவனம் உதட்டசைவில் போன பிறகு முகத்தில் என்ன மிஞ்சும்? மௌனப் பதிப்பில் அந்த முகம் முழுதாக அவர் வசம் இருக்கிறது. தன்னைக் காத்துக்கொள்ள ஒருவனைக் குத்திவிட்டு, இரவு முழுக்க லண்டன் தெருக்களில் அவர் நடக்கும் இடத்தைப் பாருங்கள். வழியில் தெரிகிற ஒவ்வொரு நீட்டிய கையும் செத்தவன் கையாகிறது. வசனம் வந்தால் இந்தக் காட்சி சுருங்கித்தான் போகும்.

இன்னொன்று அந்தோணி ஆஸ்க்வித் எடுத்த 'எ காட்டேஜ் ஆன் டார்ட்மூர்'. ஒரு சலூன், அங்கே வேலை செய்யும் ஜோ, அவன் ஒருதலையாக நேசிக்கும் சக ஊழியை, அவளைத் தேடி வரும் விவசாயி. அவ்வளவுதான் கதை. அந்த விவசாயி முகச்சவரத்துக்கு வந்து உட்கார, ஜோவின் கையில் கத்தி. சலூன் அரட்டையை எழுத்தில் போடாமல், கிரிக்கெட் பற்றிப் பேசினால் கிரிக்கெட் ஆடும் காட்சியையே வெட்டி ஒட்டுகிறார். இன்னொரு இடத்தில் ஒரு ஜோடி சினிமாவுக்குப் போகிறது, பின்னால் ஜோ. திரையில் என்ன ஓடுகிறது என்று நமக்குக் காட்டுவதே இல்லை, பார்க்கிறவர்களின் முகம்தான். முதலில் மௌனப்படம், வாத்தியக்காரர்கள் ஓயாமல் வாசிக்கிறார்கள். அடுத்து பேசும்படம். வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுச் சீட்டாட ஆரம்பிக்கிறார்கள். தன் தொழிலே முடியப்போகிறது என்று தெரிந்த ஒருவர் எடுத்த காட்சி மாதிரி இருக்கிறது எனக்கு.

பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இணையத்தில் கிடைக்கும் பல பிரதிகளில் சம்பந்தமில்லாத பியானோ ஓடும், வேகமும் தப்பாக இருக்கும். பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் சீர்செய்த பிரதி இருந்தால் அதையே எடுங்கள், இல்லாவிட்டால் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். 'பிளாக்மெயில்' இரண்டும் ஒரே பெயரில்தான் இருக்கின்றன, மௌனப் பதிப்புதானா என்று பார்த்து எடுங்கள்.