'ஒன்றும் காணவில்லை' என்று எழுதுங்கள்

என் களக்குறிப்பேட்டில் ஒரு பக்கத்தில் தேதி மட்டும் இருக்கிறது. கீழே ஒரு சொல்கூட இல்லை. அன்று விடியும் முன்பே கிளம்பி, இரண்டு கிலோமீட்டர் கணக்கெடுப்புப் பாதையை மழையிலேயே நடந்து முடித்தேன். குரங்குகளை எண்ணுவதுதான் வேலை. ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. திரும்பி வந்து ஈர உடையை மாற்றினேன். எழுத என்ன இருக்கிறது என்று ஏட்டை மூடி வைத்துவிட்டேன்.

பதினொரு நாள் கழித்து, அந்த மழைக்காட்டு ஆய்வு நிலையத்தில் எனக்குப் பயிற்சி தந்த மூத்த ஆய்வாளர் ஏட்டைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் நிறுத்தி, "அன்று நீங்கள் காட்டுக்குப் போனீர்களா, இல்லையா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபமே இல்லை. தெரியாமல்தான் கேட்டார். நான் நனைந்து நடந்த நாளும், காய்ச்சலில் படுத்துக் கிடந்த நாளும் அந்த ஏட்டில் ஒன்றுபோலவே இருந்தன.

காட்டுக்குள் போகும் இளைஞர்கள் பலர் இன்று அற்புதமான படங்களுடன் திரும்புகிறார்கள். எனக்கும் அந்தப் படங்கள் பிடிக்கும். ஆனால் எத்தனை மணி நேரம் நடந்தீர்கள், எந்தப் பாதை, மழை எப்போது நின்றது, எதைத் தேடிக் காணாமல் திரும்பினீர்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை. படம் ஒரு விலங்கு அங்கே இருந்ததைச் சொல்லும். அது அங்கிருந்து போய்விட்டதைச் சொல்ல, தேடியவர் எழுதி வைத்த குறிப்பு வேண்டும்.

பனாமாவின் பாரோ கொலராடோ தீவை நினைத்துப் பாருங்கள். கால்வாய்க்காகச் சாக்ரெஸ் ஆற்றை மறித்தபோது காட்டூன் ஏரி உருவானது. நீர் ஏற ஏற, ஒரு குன்றின் உச்சி சுமார் 1,500 ஹெக்டேர் பரப்புள்ள தீவாக மிஞ்சியது. 1923 முதல் அது பாதுகாக்கப்பட்ட ஆய்வுக் காடு. 1946 முதல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே 1925 முதலே மழையளவைக் குறித்து வருகிறார்கள். மழைமானியில் தேங்கிய நீரை அளந்து எண்ணை எழுதுவதைவிடச் சலிப்பான வேலை காட்டில் உண்டா? ஆனால் 1970-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்தத் தீவில் பழங்கள் பொய்த்து, விலங்குகள் பட்டினியில் செத்து விழுந்தபோது அந்த எண்கள்தாம் வழிகாட்டின. அதற்கு முந்தைய கோடை வழக்கத்துக்கு மாறாக ஈரமாக இருந்தது. பல மரங்கள் பூக்க ஒரு வறண்ட காலம் தேவை. அது சரியாக வராததால் பூப்பு தவறியது, பின்னர் பழமும் தவறியது. நல்ல மழை பெய்ததால் பஞ்சம் வந்தது! மழையளவும் மரக்குறிப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திராவிட்டால் இதை யார் நம்பியிருப்பார்கள்?

அதே தீவில் என்னை மிகவும் பாதித்த கதை ஒரு பறவையுடையது. படை எறும்புகள் காட்டுத் தரையில் திரளாகப் புறப்படும்போது, சருகுக்கு அடியில் ஒளிந்திருக்கும் பூச்சிகள் உயிர் தப்ப வெளியே பாயும். அவற்றைப் பிடிப்பதற்கென்றே எறும்புப் படையின் முன்னால் காத்திருக்கும் பறவைகள் உண்டு. அவற்றில் ஒன்றுக்குக் கண்ணைச் சுற்றிப் பளிச்சென்ற நீலத் தோல், முதுகில் செதில் செதிலாகக் கோலம். ஏறக்குறைய முழுக்க எறும்புகளை நம்பியே வாழும் பறவை அது. பறவை ஆய்வாளர் எட்வின் வில்லிஸ் 1960-களில் இப்பறவைகளின் காலில் வண்ண வளையங்கள் மாட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் கண்டு பின்தொடர்ந்தார். அவர் ஏட்டிலேயே அவை குறைந்துகொண்டு வந்தன. பின்பு தீவிலிருந்து அற்றே போயின. மரம் வெட்டப்படவில்லை. எறும்புகள் இருந்தன. காடு பச்சையாகவே நின்றது. தீவுக்கு வந்துபோகும் ஒருவருக்கு எந்த இழப்பும் தெரிந்திருக்காது. ஏரியால் துண்டிக்கப்பட்ட காட்டில் ஓர் உயிரினம் சத்தமில்லாமல் அணைந்துபோகும் என்பதை, எறும்புப் படைக்குப் பின்னால் நாள் நாளாக நடந்து, இன்று எந்த வளையம் வந்தது, எது வரவில்லை என்று எழுதிய ஒரு மனிதரால்தான் நாம் அறிகிறோம். அந்த 'வரவில்லை'களை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மரங்களின் கணக்கும் அங்கே உண்டு. சூழலியல் ஆய்வாளர்களான ஸ்டீபன் ஹப்பெலும் ராபின் ஃபாஸ்டரும் 50 ஹெக்டேரைக் குறித்துக்கொண்டு, மார்பளவு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் தடிமன் உள்ள கன்று வரை எல்லாவற்றையும் அளக்கத் தொடங்கினார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தண்டுகள். 1980-களின் தொடக்கத்தில் முதல் கணக்கு எடுத்த காலத்தை ஒட்டியே, பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோவால் வறட்சி வந்தது. எந்த மரம் வறட்சிக்கு முன் உயிரோடு நின்றது என்பது எழுதப்பட்டிருந்ததால்தான், 1985-இல் மறுபடி அளந்தபோது வறட்சி கொண்டுபோனதைச் சொல்ல முடிந்தது.

பறவை பார்ப்பவர்கள் பயன்படுத்தும் ஈபேர்டு செயலி, பட்டியலை அனுப்பும் முன் ஒரு கேள்வி கேட்கிறது: அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிந்துவிட்டீர்களா? பலர் யோசிக்காமல் அழுத்திவிட்டுப் போகிறார்கள். தயவுசெய்து அந்த இடத்தில் ஒரு நொடி நில்லுங்கள். நீங்கள் குறிக்காத பறவையை நீங்கள் காணவில்லை என்று கொள்ளலாமா என்பதே அந்தக் கேள்வியின் பொருள்.

இப்போது நான் பென்சிலில் எழுதுகிறேன். மழையில் பேனா மை கரைந்து ஓடும், பென்சில் கோடு நிற்கும். கிளம்பிய நேரம், முடித்த நேரம், மேகம், காற்று, பாதையில் விழுந்து கிடந்த பழம். எதுவும் கண்ணில் படாவிட்டால் பூஜ்யம். குரங்குக் கூட்டத்தின் சத்தம் மட்டும் கேட்டால், சத்தம் மட்டும் என்று. இரவு விளக்கடியில் உட்கார்ந்து அன்றைய குறிப்பை அன்றே படித்துத் திருத்துகிறேன். தூக்கம் கண்ணை அழுத்தும் நேரம் அது. ஆனாலும் மறுநாளைக்கு விடுவதில்லை. ஒரு நாள் தள்ளினாலே மனம் தானாக எதையாவது சேர்த்துவிடுகிறது.

அந்த வெற்றுப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. தேதிக்குக் கீழே இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "பாதை முழுவதும் நடந்தேன். மழை. குரங்குகள் பூஜ்யம். பதினொரு நாள் கழித்து நினைவிலிருந்து எழுதியது. கணக்கில் சேர்க்க வேண்டாம்."