ரீச் கிடைச்சுதேன்னு மட்டும் சொல்லாதீங்க

நடந்தது என்னவென்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் அந்தக் கார்டைப் பார்த்துத்தான் என் பக்கத்துக்கே வந்திருக்கிறீர்கள். அதனால் முதலிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. ஃபேஸ்புக்கில் அம்மாவைப் பற்றி நான் எழுதிய நீளமான பதிவிலிருந்து ஒரே ஒரு வரியை வெட்டி, என் படத்தோடு கார்டாக்கிப் பரப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். மூன்று நாளாக வாயைத் திறக்காமல் இருந்தேன். நேற்று இரவு ஒரு நண்பர் இன்பாக்ஸில் வந்து, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "எப்படியோ செம ரீச் கிடைச்சுதே, விடுங்க" என்றார். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் ரீச்சுக்காக எழுதவில்லை. அம்மாவைப் பற்றி எழுதினேன். நான்கு வருடமாக டிமென்ஷியா என்கிற மறதி நோயோடு இருக்கும் அம்மாவைக் கூடவே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். இதே நிலைமையில் இருக்கும் ஏழெட்டுப் பேருக்காக எழுதினேன். அவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு "முழிச்சிருக்கீங்களா" என்று மெசேஜ் போட்டுக்கொள்கிறவர்கள் நாங்கள். அன்று மூன்றாவது முறையாகப் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். அம்மா என் கையைக் கீறி, "யாருடி நீ, என் வீட்ல உனக்கென்ன வேலை" என்று பிடித்துத் தள்ளினாள். அந்த நிமிஷம் எனக்கு அம்மாவைப் பிடிக்கவில்லை. இதை அவர்களிடம் சொன்னேன். அவர்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? அந்த வரிக்கு முன்னால் பன்னிரண்டு பத்தி இருந்தது. பின்னால் நான்கு பத்தி. விடிந்ததும் அதே அம்மா என் கையிலிருந்த கீறலைப் பார்த்து, "யாரும்மா இப்படிப் பண்ணது" என்று உதடு குவித்து ஊதிவிட்டது அந்த நான்கு பத்தியில் இருக்கிறது.

கார்டில் ஒரே ஒரு வரி. கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து. 'எனக்கு அம்மாவைப் பிடிக்கவில்லை.' 'அந்த நிமிஷம்' என்கிற இரண்டு சொல்லை வெட்டிவிட்டார்கள். மேலே, 'இதுதான் இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்று தலைப்பு. பக்கத்தில் என் படம். அதுவும் என் பக்கத்திலிருந்து எடுத்ததுதான். அசல் படத்தில் அம்மா என் தோளில் கை போட்டு நின்றிருப்பாள். அம்மாவை வெட்டிவிட்டார்கள். ஆனால் கை முழுசாகப் போகவில்லை. உற்றுப் பார்த்தால் என் இடது தோளில் நான்கு விரல் தெரியும். அத்தனை பேர் ஷேர் பண்ணினார்களே, அந்த விரல் யாருடையது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

பேச்சு என்றால் கேட்க ஓர் ஆள் வேண்டும். யாரிடம் பேசுகிறோம் என்பதை வைத்துத்தான் எதை, எப்படி, எதுவரை சொல்கிறோம் என்பதே. டாக்டரிடம் சொல்வதைப் பக்கத்து வீட்டில் சொல்ல மாட்டோம். இரண்டு இடத்திலும் பொய் சொல்வதில்லை, ஆள் வேறு, அவ்வளவுதான். எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்கிற அல்காரிதத்துக்கு, நான் யாரிடம் சொன்னேன் என்கிற கணக்கே கிடையாது. எத்தனை பேர் விரலை நிறுத்திப் பார்த்தார்கள், எத்தனை பேர் எதையாவது அழுத்தினார்கள், இதைத்தான் அது எண்ணும். ஏழு பேரிடம் சொன்னதைத் தூக்கி ஊருக்கு நடுவில் போட்டுவிட்டு, "நீ சொன்னதுதானே" என்றால், நான் அதைச் சொல்லவே இல்லை.

நானாகப் புலம்புகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2021-ல் ஃபேஸ்புக்கில் வேலை பார்த்த பிரான்சிஸ் ஹௌகன், ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தபோது தெரியவந்த விஷயம் இது: எந்தப் பதிவை முன்னால் காட்டுவது என்று போடுகிற கணக்கில், 2017-லிருந்து ஒரு லைக்குக்கு ஒரு புள்ளி என்றால், கோப முகத்துக்கு ஐந்து புள்ளி. அன்பு முகத்துக்கும் அதே ஐந்துதான். ஒருத்தர் நெகிழ்ந்தாலும் ஒன்றுதான், பல்லைக் கடித்தாலும் ஒன்றுதான். கோபம் அதிகம் வாங்குகிற பதிவுகளில்தான் பொய்யும் விஷமும் அதிகம் என்று அவர்களுடைய ஆட்களே கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, 2020-ல்தான் கோப முகத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள்.

"அப்ப சரியாயிடுச்சே" என்பீர்கள். எங்கே சரியாயிற்று? 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க், இனி குடும்பமும் நண்பர்களும் போடுவதுதான் முன்னால் வரும், அர்த்தமுள்ள உறவாடல்தான் முக்கியம் என்று அறிவித்தார். அதை எதை வைத்து அளந்தார்கள் என்று பாருங்கள். கமெண்ட், ஷேர். திட்டினாலும் கமெண்ட்தான். என்னைச் செத்துப் போகச் சொல்லி அந்தக் கார்டுக்குக் கீழே எழுதியவர்களும் அந்தக் கணக்கில் உறவாடியவர்கள்.

"மெஷின் மேல பழி போடாதீங்க, வெட்டினது மனுஷன்" என்று ஒருத்தர் எழுதியிருந்தார். ஒத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வும் அதைத்தான் சொல்கிறது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய செய்திகளை எடுத்துப் பார்த்தார்கள். உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு ஆக 70 சதவீதம் அதிக வாய்ப்பு. அந்த வித்தியாசத்துக்குக் காரணம் ரோபோக் கணக்குகள் இல்லை, மனிதர்கள். சரி. ஆனால் அந்த மனிதனின் கையில் பட்டனைக் கொடுத்தது யார்? ட்விட்டரில் அடுத்தவர் பதிவை ஒரே அழுத்தில் பகிர்கிற அந்த ரீட்வீட் பட்டனைச் செய்தவர்களில் முக்கியமானவர் கிறிஸ் வெதரெல். 2009-ல் வந்த பட்டனைப் பற்றிப் பத்து வருடம் கழித்து அவரே, நாலு வயசுக் குழந்தை கையில் குண்டு போட்ட துப்பாக்கியைக் கொடுத்துவிட்டோமோ என்று வருத்தப்பட்டார். கொடுத்தவருக்கே வருத்தம் இருக்கிறது. சுட்டவர்களுக்கு இல்லை.

அடுத்த அறிவுரைதான் எனக்குத் தாங்கவில்லை. "பப்ளிக்ல எழுதினா இப்படித்தான் ஆகும். ஃப்ரெண்ட்ஸ் ஒன்லி வச்சிருக்கலாமே." இதைச் சொன்னவர்கள் யாராவது ராத்திரி இரண்டு மணிக்கு, பெற்ற தாய் தன்னை யாரென்று கேட்டுவிட்ட பிறகு, இருட்டில் போனைத் தடவியிருக்கிறீர்களா? நான் தடவியிருக்கிறேன். முதல் வருடம். எனக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது, நான்தான் ஏதோ தப்புச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த நாட்கள். அன்று முன்பின் தெரியாத ஒரு பெண் தன் மாமனாரைப் பற்றிப் பொதுவில் எழுதிய பதிவு கண்ணில் பட்டது. "இன்று அவரைக் குளிப்பாட்டும்போது கத்திவிட்டேன், பிறகு பாத்ரூம் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுதேன்" என்று இருந்தது. அவ்வளவுதான். படித்து முடித்துவிட்டு எழுந்து போய் அம்மாவுக்குப் போர்த்திவிட்டேன். அவர் ஃப்ரெண்ட்ஸ் ஒன்லி வைத்திருந்தால் அந்த ராத்திரி எனக்கு எப்படிக் கிடைத்திருக்கும்? எட்டாவது ஆள் எங்களை எப்படிக் கண்டுபிடிப்பார்? கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்கிறவர்கள், திருடனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு என்னிடம் வாருங்கள்.

"நீங்களும் லைக் எண்ணுற ஆள்தானே" என்று கேட்டவருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், எண்ணியிருக்கிறேன். அந்தப் பதிவை எழுதும்போது, இந்த வரியை முதல் வரியாக வைத்தால் நிறையப் பேர் உள்ளே வருவார்கள் என்று எனக்கே தோன்றியது. வைக்கவில்லை. ஆனால் தோன்றியது. யாரும் சொல்லித் தராமலே அந்தக் கத்திரிக்கோல் என் கைக்கும் வந்துவிட்டது என்று அன்றைக்கே பயந்தேன். எந்த வரியை வெட்டினால் எடுபடும் என்று கார்டு போட்டவருக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்திருந்தது.

சித்திக்கு அந்தக் கார்டு குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போயிருக்கிறது. மறுநாள் காலையில் போன் பண்ணி, எடுத்ததும், "ஏண்டி அப்படி எழுதின? அக்கா உனக்கு என்னடி பண்ணா?" என்றாள். அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது, நீளமாகப் படிக்க மாட்டாள். "சித்தி, நான் படிக்கிறேன், கேளு" என்று பதினேழு பத்தியையும் போனிலேயே படித்துக் காட்டினேன். நடுவில் அவள் ஒரு 'ம்' கூடக் கொட்டவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தடவை பார்த்தேன். முடித்த பிறகு ரொம்ப நேரம் கழித்து, "எங்க மாமியாருக்கு நான் ஒருநாள் சாப்பாடு போடலைடி. கோவத்துல. யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றாள். மாமியார் போய் முப்பது வருடம் ஆகிறது. அப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை. போனையும் வைக்கவில்லை.

அந்த இருபது நிமிஷத்துக்கு என்ன புள்ளி போடுவார்கள்?

மூன்று நாளாகத் தெரியாதவர்கள் திட்டியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். கார்டுக்குக் கீழே கோப முகம் போட்டவர்கள் பட்டியலைத் திறந்து பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன். அதில் பதினோரு பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள். இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பேசிவிட்டுப் போனவர்கள். அந்த விரலை நேரில் பார்த்தவர்கள். முழுப் பதிவும் என் பக்கத்தில் மூன்றாவதாக இருக்கிறது, அதை நான் எடுக்கவில்லை.

உங்களை பிளாக் பண்ண மாட்டேன். அன்ஃப்ரெண்டும் பண்ண மாட்டேன். என் நம்பர் உங்களிடம் இருக்கிறது. அம்மா மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை தூங்குவாள், அப்போது நான் சும்மாதான் இருப்பேன். கூப்பிட்டுத் திட்டுங்கள்.