லெப்ரான் சாதனையில் பிளேஆஃப் புள்ளிகள் சேர்க்கப்பட்டனவா?

'பிளேஆஃப் (வழக்கமான சீசனுக்குப் பின் பட்டத்துக்காக நடக்கும் ஆட்டங்கள்) புள்ளிகளையும் கூட்டித்தான் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் வாழ்நாள் புள்ளிகளில் கரீம் அப்துல்-ஜப்பாரை முந்தினார்' என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் வாழ்நாள் புள்ளிப் பட்டியல் வழக்கமான சீசன் ஆட்டங்களை மட்டுமே எண்ணும். பிளேஆஃபுக்குத் தனிக் கணக்கு உண்டு. கரீமின் 38,387 புள்ளிகளும் அப்படி வந்தவைதான், 1,560 ஆட்டங்களில். அவருடைய பிளேஆஃப் புள்ளிகள் 5,762 அதில் இல்லை.

2023 பிப்ரவரி 7 அன்று ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணிக்கு எதிராக இறங்கும்போது லெப்ரானிடம் 38,352 இருந்தது; முந்த 36 தேவை, எடுத்தது 38. அது அவருடைய 1,410ஆவது ஆட்டம்.

'மூன்று புள்ளி எறிதல்தான் காரணம்' என்பவர்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. எந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி கிடைக்குமோ, அந்தக் கோடு என்பிஏவுக்கு வந்ததே 1979-80 சீசனில்தான். கரீம் வாழ்நாளில் போட்டது ஒன்றே ஒன்று! ஆனால் அது வேறு வாதம்.