மார்கழிக் குளிரில் என்ஜின் வெடிக்குமா?

"மார்கழிப் பனியில் என்ஜினுக்குள் உள்ள தண்ணீர் உறைந்து பிளாக் (என்ஜினின் உலோக உடல்) வெடித்துவிடும், படகு என்ஜின், டீசல் பம்புசெட் வைத்திருப்போர் கல்லுப்பைக் கரைத்து ஊற்றுங்கள்" என்னும் செய்தி மதுரை வட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது நம் ஊருக்குப் பொருந்தாது. உப்போ கேடே விளைவிக்கும்.

தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும்போது அதன் கொள்ளளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுவதால் வார்ப்பிரும்பும் விரிசல் விடும் என்பது மெய்யே. அதனால்தான் கனடா போன்ற நாடுகளில் குளிர்காலத்துக்கு முன் படகு என்ஜினிலிருந்து தண்ணீரை வடித்துவிட்டு, புரொப்பிலீன் கிளைகால் கலந்த உறைதடுப்பு திரவத்தைச் செலுத்துகிறார்கள். மதுரையிலோ மார்கழி இரவிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. ஐயமிருப்போர் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் அன்றாடக் குறைந்தபட்ச வெப்பநிலையைப் பார்க்கலாம்.

உப்பு உறைநிலையைத் தாழ்த்தும் என்ற பாடப்புத்தக உண்மையிலிருந்தே இந்த யோசனை பிறந்திருக்க வேண்டும். ஆனால் உப்புநீர் இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். கடலில் ஓடிய அவுட்போர்டு என்ஜினை (படகின் பின்புறம் வெளியே மாட்டுவது) கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலசுவது வேறெதற்கு? ஏற்கெனவே உப்பு ஊற்றியவர்கள், என்ஜின் ஆறிய பின் வடிகுழாயைத் திறந்து, துருநிறம் மறைந்து தெளிந்த நீர் வரும்வரை அலச வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, என்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீரில் கலக்கும் கூலன்ட்டே தேவையில்லை என்று எண்ணிவிட வேண்டாம். அது துருவைத் தடுத்து, கொதிநிலையையும் உயர்த்துவதால், நம் சித்திரை வெயிலுக்கே அதிகம் உதவும். கலவை அளவு என்ஜினின் கையேட்டில் இருக்கும். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.