கான்ட்டுக்கு முன்பே இருந்த சொல்

உங்கள் தத்துவத் தொடரில் வந்த கட்டுரை, 'அ ப்ரியோரி' ('முன்னதிலிருந்து') என்ற லத்தீன் தொடரை ஜெர்மன் தத்துவவாதி இமானுவேல் கான்ட்தான் உருவாக்கினார் என்பதுபோல் சொல்கிறது. அப்படியில்லை ஐயா. 14ஆம் நூற்றாண்டிலேயே சாக்சனி ஆல்பர்ட் என்ற தர்க்கவியலாளர் இதைக் கையாண்டிருக்கிறார். வேர் அரிஸ்டாட்டிலிடம் இருக்கிறது. அப்போது பொருளும் வேறு: காரணத்திலிருந்து விளைவுக்குப் போவது அ ப்ரியோரி, விளைவைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது அ போஸ்டீரியோரி.

எங்கள் சேலத்தில் இது தினசரிப் பேச்சு. ஏற்காட்டு மலைமேல் கருமேகம் கவிந்தால் "மழை வரப்போகுது, துணிய எடு" என்பார்கள். டவுனில் ஒரு சொட்டுகூட விழாமல் திருமணிமுத்தாற்றில் செந்தண்ணி புரண்டு வந்தால் "மலையில செம மழை போல" என்பார்கள். (இப்போது அந்த ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் சாக்கடைதான், அனுமானிப்பது கொஞ்சம் சிரமம்!) மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி (அறியும் வழிகளை வகுத்துச் சொல்லும் தர்க்கவாதி) காட்டுவதும் இதே மேகத்தையும் வெள்ளத்தையும்தான். முன்னதற்கு முதல், பின்னதற்கு எச்சம் என்று பெயர். தத்துவத் தொடர் எழுதுபவர்கள் இதை விட்டுவிடுவது எனக்கு வருத்தம்.

1781இல் வந்த நூலில் கான்ட் செய்தது, அனுபவத்தைச் சாராத அறிவு என்ற பொருளை அதற்கு அழுத்தமாகப் பூட்டியது. அவர் கணக்கில் நம் மேகம் தேறாது. மேகம் மழை தரும் என்பதே பார்த்துப் பழகியதுதானே. 7+5=12 தேறும். வீட்டு அஸ்திவாரத்தைத் தோண்டுகிறவனுக்கு வீடு விழும் என்று முன்கூட்டியே தெரியும், ஆனாலும் அந்த அறிவு முழு அ ப்ரியோரி ஆகாது என்று அவரே எழுதியிருக்கிறார். பொருளுக்கு எடை உண்டு என்பதை அவன் அனுபவத்தில்தான் கற்றிருக்க வேண்டும்.